பாதர், நான் ஜூலையைப் பற்றிப் பேசவில்லை

அன்புள்ள பாதர்,

அழைப்பிதழ் கிடைத்தது. ஜூலை மாத சர்வமத நினைவேந்தலில், 83 ஜூலையில் தமிழர்கள் மீது நடந்த வன்முறை பற்றி நான் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வருகிறேன். ஆனால் தலைப்பை மட்டும் மாற்றித் தாருங்கள். நான் 1990 ஒக்டோபரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 83ஐப் பற்றி உங்கள் குழுவில் இருக்கும் அந்தச் சிங்கள ஆசிரியை பேசட்டும்.

காரணம் சொல்கிறேன். 83இல் எனக்கு 9 வயது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரை ஜூலை 24ஆம் திகதி கொழும்பில் பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்ய இருந்தார்கள். அங்கே கூடிய கூட்டம்தான் முதலில் தெருவுக்கு இறங்கியது. மறுநாள் கொழும்பில் எங்கள் வீடு போனது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா இரண்டு நாள் எங்களைத் தன் குசினிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அப்புறம் இரத்மலானை இந்துக் கல்லூரி முகாம், லங்கா கல்யாணி கப்பல், யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை. இந்தக் கதையை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அதில் எனக்கு அநியாயம் நடந்தது, அவ்வளவுதான்.

1990 அப்படியில்லை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருந்த வீட்டிலிருந்து முஸ்லிம்கள் வாழ்ந்த ஐந்துசந்திக்கு நடந்தே போகலாம். ஒக்டோபர் 30 அன்று அங்கே சோனகத்தெருச் சனங்களை மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள் புலிகள். அந்த மாதம் வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எனக்கு 16 வயது. எங்கள் தெருவில் யாரும் கதவைத் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. பயம் இருந்தது, உண்மை. ஆனால் பயத்தை மட்டும் சாட்டிவிட்டு என்னால் இதைக் கடக்க முடியவில்லை.

சில மாதங்கள் கழித்து எங்கள் வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் வந்தது. சோனகத்தெரு வீடுகளிலிருந்து எடுத்த சாமான்களை விற்ற இடத்தில் மலிவாகக் கிடைத்தது. அம்மாவின் மெஷின் கொழும்பில் கொள்ளை போயிருந்தது. தைத்துத்தான் எங்களை வளர்த்தார். கையில் மெஷின் இல்லாமல் ஏழு வருடம் தவித்தவர். அந்த மெஷினின் லாச்சியில் நூல்கட்டைகளுக்கு நடுவில் ஒரு சிறுவனின் வெள்ளைத் தொப்பி இருந்தது, ஓரம் மடித்துத் தைக்காமல். அம்மா அதை எறியவில்லை. எதுவும் பேசவும் இல்லை. பழைய சேலைகளுக்கு அடியில் வைத்தார். அந்த மெஷினில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நான் சோதனை எழுதினேன்.

ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணம் அடங்கிய வலிகாமத்துச் சனம் எல்லாம் இரவோடிரவாக வெளிக்கிட வேண்டி வந்தது. மெஷினையும் தொப்பியையும் விட்டுவிட்டுத்தான் போனோம்.

பாதர், நம் சர்வமத மேடைகளில் இதுவரை என்ன நடக்கிறது? பிக்கு பிரித் ஓதுகிறார், மௌலவி துஆ கேட்கிறார், குருக்கள் மந்திரம் சொல்கிறார், நீங்கள் செபிக்கிறீர்கள். அவரவர் தங்கள் தங்கள் பிணங்களுக்காக அழுதுவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போகிறோம். தமிழர்களாகிய நாங்கள் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 பேரைச் சொல்கிறோம், குண்டு வீசப்பட்ட நவாலி தேவாலயத்தைச் சொல்கிறோம். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சொல்வதில்லை. 1987இல் அரந்தலாவையில் பஸ்ஸை மறித்துக் கொல்லப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட பிக்குகளைச் சொல்வதில்லை. அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். இவையெல்லாம் எங்கள் பெயரைச் சொல்லிச் செய்யப்பட்டவை. அந்த இறந்தவர்களுக்காக நாங்கள் வாய் திறந்தால்தான், முள்ளிவாய்க்காலுக்காக ஒரு சிங்களத் தாய் அழும்போது அந்தக் கண்ணீரை எங்களால் நம்ப முடியும் என்று எனக்குப் படுகிறது.

நம்மவர்கள் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2024 மே மாதத்தில்கூட இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சியதற்காகச் சம்பூரில் நான்கு பேரைக் கைது செய்தார்கள். சொந்தப் பிள்ளைக்கு அழவே விடாத நாட்டில் மற்றவனுக்காக அழு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அதனால் நான் யாரையும் அழச் சொல்லப் போவதில்லை. என்னுடையதை மட்டும் சொல்லப் போகிறேன்.

இது நடக்காத காரியம் என்று நீங்கள் நினைத்தால், கனத்தையை நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் அங்கே எரித்தார்கள். கொவிட் என்றார்கள். அடுத்த நாட்களில் எத்தனையோ பேர் வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து அந்த மயானத்தின் கேற்றில் கட்டினார்கள். சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர், பௌத்தர் எல்லாரும். யாரோ ஒரே இரவில் அவற்றை அகற்றினார்கள், சனங்கள் மறுபடியும் கட்டினார்கள். நானும் ஒரு துண்டு கட்டினேன். 83இல் எங்கள் வீட்டை எரிக்கக் கிளம்பிய கூட்டம் கூடிய அதே இடம். என் கை நடுங்கியது.

சில சின்ன விஷயங்களும் இருக்கின்றன. குத்துவிளக்கு வேண்டாம். போன முறை மௌலவி ஒதுங்கி நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். அவருடைய மார்க்கத்துக்கு அது சங்கடம். எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றால் போதும். பெயர்களை வாசிப்பதாக இருந்தால், ஒவ்வொரு சமூகத்தின் பெயர்களையும் இன்னொரு சமூகத்தவர் வாசிக்கட்டும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்து இறந்தவர்களின் பெயர்களை மௌலவி வாசிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது கஷ்டம்தான். அந்தக் குண்டுகளுக்குப் பிறகு குருநாகலிலும் மினுவாங்கொடையிலும் அவருடைய ஆட்களின் கடைகள் எரிந்தன. அதை யார் வாசிப்பது என்றும் யோசியுங்கள். 1990இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இன்னும் இருக்கும் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களில் இரண்டு பேரையாவது அழையுங்கள். அவர்கள் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

அம்மாவுக்கு இப்போது 79 வயது. இந்தக் கடிதத்தை அனுப்பு முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், மெஷினைப் பற்றி நானே சொல்கிறேன், நீ சொல்லாதே என்றார். ஆகவே என் பத்து நிமிடத்தில் பாதி அவருக்கு. மேடைப் படி ஏற மாட்டார். கீழே, முன்வரிசையில், கை வைத்த ஒரு கதிரை போட்டு வையுங்கள்.