சுமதிக்கு, சால்ட் லேக் சிட்டில இருந்து

2024 ஏப்ரல்

ஏய் சுமதி,

மூணு மாசமா பதில் போடல, திட்டணும்னா திட்டிக்கோ, ஆனா முழுசா படிச்சுட்டு திட்டு. அம்மா முட்டி வலி பரவால்லயா? வார்டன் பொண்ணுக்குக் கல்யாணமாமே, லதா சொன்னா, நீ போய் அந்த சாவிக்கொத்து கதைய மேடையில எடுத்து விட்றாத.

விஷயம் என்னன்னா, கூட வேலை பாக்குற நவாஹோ பழங்குடிப் பொண்ணோட அஞ்சு மணி நேரம் கார்ல போய், இங்க யூட்டா மாநிலத்துல இருக்கற பேர்ஸ் இயர்ஸ்ங்கற இடத்தைப் பத்தின கூட்டத்துல உக்காந்துட்டு வந்தேன்டி, ரெண்டு நாளா தூக்கமே வரல. கரடிக் காது மாதிரி ரெட்டைக் குன்று, போட்டோ அனுப்பினேனே, அதான். 2016 கடைசில ஒபாமா 13.5 லட்சம் ஏக்கரை தேசிய நினைவுச்சின்னமா, அதாவது பாதுகாக்கப்பட்ட அரசு நிலமா அறிவிச்சாரு, மறு வருஷமே டிரம்ப் கிட்டத்தட்ட 85 சதவீதத்தை வெட்டினாரு, 2021ல பைடன் திரும்ப சேர்த்தாரு. வாஷிங்டன்ல ஆள் மாற மாற இங்க இருக்கறவங்க என்னதான் பண்ணுவாங்க சொல்லு.

அவ பாட்டி எழுந்து நவாஹோல பேசுனாங்க, இவ இங்கிலீஷ்ல சொன்னா. வீட்ல கரண்ட் இல்ல, குளிருக்கு ஜூனிபர் விறகு அந்த மேட்டுலதான் எடுக்கறோம், மண் ரோட்டை மூடிட்டா நாங்க எங்க போறதுன்னு. ரோடு எந்த ஓடைகிட்ட திரும்புதுன்னு அந்தக் காய்ச்சுப்போன கையால காத்துல வரைஞ்சு காட்டுனாங்க. அடுத்து ஒரு மாட்டுக்காரர், நினைவுச்சின்னமே வேண்டாங்கறவர், அவரும் அதே ரோட்டைத்தான் சொன்னாருடி!

உள்ளூர்க்காரங்களைக் கேளுங்கன்னு எல்லாரும் பேசறாங்க, யாருடி உள்ளூரு? அந்த இடம் இருக்கற சான் ஹுவான் கவுண்டில, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, ஏறக்குறைய பாதிப் பேர் பழங்குடிங்க. ஹோபி, நவாஹோ, ஜூனி, ரெண்டு யூட் இனங்கள்னு அஞ்சு பழங்குடி அரசுகளோட மத்திய அரசு 2022ல கூட்டு நிர்வாக ஒப்பந்தமே போட்டாச்சு, இன்னும் கவுண்டி தலைவருங்க குரல் மட்டும்தான் உள்ளூர்க் குரல்னா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

இப்ப அந்த நிலத்தை எப்படி நிர்வகிக்கணும், எந்த ரோடு திறந்திருக்கணும்ங்கற வரைவுத் திட்டத்துக்கு 90 நாள் கருத்து கேக்கறாங்க, ஜூன்ல முடியுது. இது ஓட்டு இல்ல சுமதி. ஆயிரம் பேர் ஒரே லெட்டரை அனுப்பினாலும் ஒரு கருத்தாத்தான் எடுத்துக்குவாங்க, எந்த ரோடு எந்த ஊத்துன்னு குறிப்பா எழுதினாதான் இறுதித் திட்டத்துல பதில் சொல்லியாகணும். பாட்டி சொன்னதை நாங்க டைப் பண்ணிட்டோம், ஆனா அஞ்சு மாற்றுத் திட்டத்துல எதுல அந்த ரோடு அடிபடுதுன்னு மேப்ப பாத்து முழிக்கிறோம். நீதான ஜிஐஎஸ், கம்ப்யூட்டர் மேப் வேலை தெரிஞ்ச ஆளு. மேப்பெல்லாம் இத்தோட அனுப்பறேன், ஞாயித்துக்கிழமை கால் பண்ணு, எத்தனை மணியானாலும் சரி.

உன்
மீனா