என் பற்றில் எழுது

பசுமலை, மதுரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது கொஞ்சம் பரவாயில்லை. வாட்ஸ்அப்பிலேயே பேசிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆரம்பித்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

போன வாரம் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. தோஹாவில் வெள்ளிக்கிழமை ஆராதனையில் எல்லோரும் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்து போனபோது நீ மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாய். "எனக்குத் தகுதி இல்லப்பா" என்றாய். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கப்போவதில்லை. சொல்லத் தோன்றினால் அம்மாவிடம் சொல். ஆனால் தகுதி என்கிற அந்த வார்த்தையை உன் மனதில் போட்டவன் நான்தான்.

ஞாபகம் இருக்கிறதா, நீ ஞாயிறு பள்ளிக்குப் போகிற வயதில் உனக்கு ஒரு சின்ன நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். மனப்பாட வசனம் சொன்னால் வரவு, பொய் சொன்னால் பற்று. சனிக்கிழமை ராத்திரி மடியில் உட்காரவைத்துக் கூட்டிக் கழிப்பேன். பாக்கி நின்றால் இயேசப்பாவுக்குப் பிடிக்காது என்பேன். நீ அழுதிருக்கிறாய். கீழமாசி வீதியில் பகலெல்லாம் கணக்கு எழுதின கை, வீட்டுக்கு வந்தும் அதையே எழுதியது. தப்பு பாப்பா. என்னை மன்னித்துவிடு.

இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறந்தது 1994 பிப்ரவரி. ஆபரேஷன் என்றார்கள், கையில் பணம் இல்லை. வேலை பார்த்த பலசரக்கு மண்டியில் கல்லாப்பெட்டியிலிருந்து 1,800 ரூபாய் எடுத்தேன். நாள்வழியில், அதாவது தினசரிக் கணக்குப் புத்தகத்தில், ஏற்றுகூலி என்று 900 ரூபாயாக இரண்டு நாளில் பிரித்து எழுதினேன். அப்போது என் சம்பளம் மாதம் 1,100 ரூபாய்.

மார்ச்சில் வருஷக் கணக்கு முடிக்கும்போது முதலாளி லோடுமேன்கள் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். அந்த இரண்டு நாளும் லாரியே வரவில்லை. கடை சாத்தின பிறகு என்னைக் கூப்பிட்டார். வத்தல் மூட்டைக்கும் மல்லி மூட்டைக்கும் நடுவில் நின்றேன். நெடியில் கண் எரிந்தது, அழுகையும் வந்தது. "பிள்ளை பிறந்துச்சே, அதுக்கா?" என்றார். தலையை ஆட்டினேன். அந்த வரிகளை அடித்துவிட்டு மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "கணக்குல எதையும் அடிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதாப்பா?" என்று என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். அன்றைய தேதி போட்டு, "ஏற்றுகூலி என்று எழுதிய ரூ. 1,800 என் சொந்தப் பற்று" என்று தன் கையாலேயே எழுதினார். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். வேதம் வாசித்தவர் இல்லை.

அந்த வரியை நான் எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்திருக்கிறேன். பணம் காணாமல் போகவில்லை, முதலாளி தன் செலவுக்கு எடுத்ததாக ஆகி அவர் பங்கில் குறைந்தது. என் பேரில் ஒரு பைசா நிற்கவில்லை.

நம் ஆயர் ஒருமுறை வேதபாடத்தில், பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் எடுத்தார். ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக 'எண்ணப்பட்டது' என்று வருகிறதே, அந்தச் சொல் கிரேக்கத்தில் கணக்கு எழுதுகிறவர்கள் புழங்கிய சொல்லாம். அந்த ஒரு அதிகாரத்திலேயே 11 முறை வருகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேலை செய்கிறவனுக்குக் கொடுப்பது கூலி, அது அவனுக்குத் தரவேண்டிய கடன் என்று பவுல் அங்கேயே பிரித்துவிடுகிறார். நீதியோ, பாவியை நீதிமானாக்குகிறவரை நம்புகிறவனுக்கு வரவு வைக்கப்படுவது. நம்பிக்கையும் அதற்கு நாம் கொடுக்கிற விலை இல்லை பாப்பா, வாங்கிக்கொள்ள நீட்டுகிற கை, அவ்வளவுதான்.

எனக்குத் தேதி பார்க்கிற பழக்கம் உண்டு அல்லவா? பவுலும் அங்கே தேதிதான் பார்க்கிறார். ஆபிரகாமுக்கு நீதி எண்ணப்பட்டது ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தில். தேவனோடு செய்த உடன்படிக்கைக்கு அடையாளமான விருத்தசேதனச் சடங்கு 17-இல், அவனுக்கு 99 வயதில். நடுவில் 16-இல் மகன் இஸ்மவேல் பிறக்கும்போது அவனுக்கு 86. ஆக, அவன் அந்தச் சடங்கைச் செய்வதற்குப் பதின்மூன்று வருஷத்துக்கு மேலேயே வரவு விழுந்துவிட்டது.

நம் வீட்டில் இதைப் பற்றிச் சண்டையும் நடந்திருக்கிறது. உன் அம்மா கீழவெளி வீதி மரியன்னை கோயிலில் வளர்ந்த ஆர்.சி. பிள்ளை. தேவன் நம்மை நீதிமானாக ஏற்பது எதனால் என்றால், நான் விசுவாசம் என்பேன், அவள் நற்செயல் என்பாள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் புராட்டஸ்டன்ட் பக்கத்து லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். நம்மிடம் உள்ள எந்தப் புண்ணியத்தாலும் இல்லாமல், கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு பக்கமும் சேர்ந்தே சொன்னார்கள். அதை வாசித்துக் காட்டினேன். அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை, காபி போட்டுக் கொடுத்தாள்.

அப்படியானால் இஷ்டப்படி இருக்கலாமா என்று நீ கேட்பாய். அதற்குப் பிறகு அந்தக் கடையில் 21 வருஷம் இருந்தேன். கல்லா என் கையில்தான் இருந்தது. கடனை அடைப்பதற்காக நான் நேர்மையாக இருக்கவில்லை, அடைக்க எதுவும் மிச்சம் இல்லை. அந்த மனுஷர் எழுதின வரியைப் பார்த்த பிறகு கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

பவுல் பிலேமோனுக்கு எழுதின சின்ன நிருபத்தை இன்றைக்கே வாசி, ஒரே ஒரு அதிகாரம்தான். பிலேமோனின் அடிமை ஒநேசிமு அவனிடம் கடன்பட்டிருந்தால், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார் பவுல். சொந்தக் கையாலே எழுதினேன் என்றும் சொல்கிறார். எனக்கு அந்த இடத்தில் எப்போதும் முதலாளியின் கையெழுத்துதான் கண்ணில் நிற்கும். சாய்வான, கொஞ்சம் நடுங்குகிற எழுத்து. அவர் 1,800 ரூபாய்க்கு எழுதினார். உன் பேரில் நிற்கிறது என்று நீ நினைப்பதை எல்லாம் சிலுவையில் ஒருவர் தன் பேரில் எழுதிக்கொண்டு, தம்முடைய நீதியை உன் பேருக்கு வரவு வைத்துவிட்டார். நீ இப்போது பெஞ்சில் உட்கார்ந்து அந்த நோட்டைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாய்.

சரி. வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு நைட் டியூட்டி முடிந்து வருகிற நாள் என்று அம்மா சொன்னாள். தூக்கம் வந்தாலும் ஆராதனைக்குப் போ. திருவிருந்துக்குக் கூப்பிடும்போது எழுந்து போய் இரண்டு கையையும் ஏந்து. முடிந்ததும் போன் பண்ணு. எந்த நேரமானாலும் நான் எடுப்பேன்.

அன்புடன்
அப்பா