லிபரேட்டரை மறுபடி பறக்கவைத்தவர்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து அமைத்த குழு எங்களுடையது. 1948-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே பழுது நீக்கப்பட்ட பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களின் கதையை, அந்த வேலையைச் செய்த பிட்டர்கள், எலக்ட்ரீசியன்கள், ரிவெட் அடித்தவர்கள் பெயரோடு பதிவுசெய்ய உங்கள் கையுதவி வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 18,000-க்கும் அதிகமான லிபரேட்டர்களைக் கட்டியது. நான்கு எஞ்சின், 110 அடி இறக்கை. வெகுதூரம் போகும், நிறையச் சுமக்கும். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு இது லேசான விமானம் இல்லை. குண்டறையின் நடுவே ஒரு சாண் அகலத்தில் ஓர் உலோகப் பாதை. அதில்தான் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். பெட்ரோல் கசிந்து ஆவி சூழும் என்பதால் குண்டறைக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தே பறந்த குழுக்கள் உண்டு. அந்தக் கதவு கடை ஷட்டர் போலப் பக்கவாட்டில் சுருண்டு ஏறும் மெல்லிய தகடு. கடலில் இறங்க நேர்ந்தால் அதுதான் முதலில் நொறுங்கும், தண்ணீர் உள்ளே பாயும், தப்பியவர்கள் குறைவு. 1943 ஆகஸ்ட் 1 அன்று ருமேனியாவின் புளோயெஷ்டி எண்ணெய் ஆலைகளைத் தாழப் பறந்து தாக்கப் போன 170-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களில் 50-க்கும் மேல் இழக்கப்பட்டன.

போர் முடிந்தது. பிரிட்டிஷ் படைக்கு அமெரிக்கா கடனாகக் கொடுத்த லிபரேட்டர்கள் பல கான்பூரில் குவிக்கப்பட்டன. இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் படையினர் வேண்டுமென்றே அவற்றைச் சிதைத்துவிட்டுப் போனார்கள். சுதந்திர இந்தியாவிடம் அப்போது கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. எச்.ஏ.எல். ஊழியர்கள் அந்தக் குவியலிலிருந்து தேறக்கூடியவற்றைப் பொறுக்கி, ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தி, தரையைவிட்டு எழும்பும் அளவுக்கு ஒப்பேற்றினார்கள். அவற்றை ஒவ்வொன்றாக ஏறத்தாழ 1,500 கி.மீ. ஓட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்து சேர்த்தவர் எச்.ஏ.எல். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. என்ன தைரியம் அது! இங்கே முழுமையாகச் சீர்செய்யப்பட்ட சுமார் 40 விமானங்கள் விமானப்படைக்குப் போயின. 1948 நவம்பரில் 5-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவு இவற்றைக் கொண்டே தொடங்கியது. பிறகு 6-ஆம் ஸ்குவாட்ரன் கடல் கண்காணிப்புக்கு வைத்துக்கொண்டது. 1968 வரை இவை பணியில் இருந்தன. தில்லியின் பாலம் விமானப்படைத் தளத்திலும், கனடாவின் ஒட்டாவாவிலும், இங்கிலாந்திலும், அமெரிக்காவின் அரிசோனாவிலும் அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் லிபரேட்டர்கள் நம் விமானப்படையில் பறந்தவை.

முன்ஷியின் பெயர் வரலாற்றில் பதிந்துவிட்டது, அது நியாயமே. ஆனால் அவர் நம்பி உட்கார்ந்த விமானத்தைத் தட்டி நிமிர்த்தியவர்கள் யார்? தமிழர்களும் கன்னடர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளுமாக அந்த ஹேங்கரில் நின்றவர்களில் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். வீடுகளில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். ஒரு குடும்பம் தகரப் பெட்டியிலிருந்து பித்தளை டூல் டோக்கன் (தொழிற்சாலையில் கருவி வாங்கும்போது கொடுக்கும் வில்லை) ஒன்றை எடுத்துக் காட்டியது. அதில் எண் மட்டும் இருக்கிறது. அந்த எண் யாருடையது என்று சொல்ல அந்த வீட்டில் இன்னும் ஒரு பாட்டி இருக்கிறார். நாங்கள் அவசரப்படுவது அதனால்தான்.

திரட்டும் தொகை 6 லட்சம் ரூபாய். பெரும்பகுதி படங்களையும் சம்பளச் சீட்டுகளையும் ஸ்கேன் செய்யவும், முதியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்யவும் போகும். மீதியில் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு நூல். பள்ளிகளுக்குக் கொண்டுபோக, இறக்கை 11 அடி வரும்படி பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி விமானம். மரமும் அலுமினியமும் வாங்கினால் போதும், கூலி வேண்டாம் என்று ஓய்வுபெற்ற பிட்டர்களே முன்வந்திருக்கிறார்கள்.

நூறு ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. ரொக்கம் வாங்குவதில்லை, குழுவின் வங்கிக் கணக்கு விவரத்தைப் பொருளாளரிடம் பெற்றுக்கொள்ளலாம். 80ஜி வரிச்சலுகைப் பதிவு எங்களுக்கு இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து பணம் வாங்க எங்களுக்குச் சட்ட அனுமதி இல்லை. அவர்கள் தாத்தாவின் படமோ கடிதமோ இருந்தால் ஸ்கேன் எடுத்து அனுப்பினால் அதுவே பெரிய உதவி. அசல் எதையும் நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம். உங்கள் எதிரிலேயே நகலெடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
குழுவினர், பெங்களூரு