செம்பியை இரவல் கேட்டவன்

சேரன்மகாதேவி,
பங்குனி.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் அக்காவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. பிசானம் அறுத்து, நெல்லும் களத்தை விட்டுப் போயாச்சு. கொக்கிரகுளத்து அத்தை உன்னைக் கேட்டாள், அந்தப் பித்தளை அண்டாவையும் சேர்த்துத்தான் கேட்டாள். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி. கடைசியில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது.

போன வாரம் என் காக்கர் ஸ்பேனியல் நாய் செம்பி தானாக உட்கார்ந்தாள். பொத்தை அடிவாரத்தில், அறுத்த வயலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழி. ஒடைமரத்தடியில் பதுங்கிக் கிடந்த ஒரு ஜோடி கௌதாரி அவள் மூக்குக்கு நேராகச் சடசடவென்று எழும்பிப் பறந்தன. நான் விசிலை வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை, அதற்குள் அவள் பின்பக்கம் தரையில் பட்டுவிட்டது. உடம்பெல்லாம் நடுக்கம், கண் பறவையோடு போகிறது, இடத்தை விட்டு மட்டும் அசையவில்லை. ஸ்பேனியல் வளர்க்கிறவன் காத்திருப்பது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். பக்கத்தில் நீ இருந்திருந்தால் உன் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

தீபாவளிக்கு வந்தபோது முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாயே, "சுடவே கூடாத ஊரில் பறவை நாய் எதுக்குவே?" என்று. பதில் சொல்வதற்குள் இலை போட்டுவிட்டார்கள். அந்தப் பதிலை இப்போது சொல்கிறேன்.

நாம் பார்த்து வளர்ந்ததெல்லாம் கன்னியும் சிப்பிப்பாறையும்தான். உங்கள் தாத்தாவின் நாய் முயல் கண்ணில் பட்டால்தான் ஓடும். ஓடினால் காற்று. முயல் மறைந்துவிட்டால் திரும்பி வந்து நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவை கண்ணை நம்பும் நாய்கள். காக்கர் ஸ்பேனியலுக்கு எல்லாமே மூக்குதான். கரிசலானாலும் நஞ்சையானாலும் தரையிலிருந்து மூக்கை எடுக்காமல் இடமும் வலமுமாக அலசிக்கொண்டே போகும். கௌதாரி, காடை எல்லாம் பறந்து தப்பிக்கிற பறவைகளா, யோசித்துப் பார். ஆள் வந்தால் அசையாமல் படுத்துக்கொள்வதுதான் அவற்றின் முதல் காவல். பருந்து மேலே வட்டமிட்டாலும் அதேதான். அந்த அசையாமையைக் கண்ணால் உடைக்க முடியாது, மூக்கால் முடியும். ஒரு நாயின் மூக்கைப் பழக்குகிறவன் அந்தப் பறவையின் முதல் பாதுகாப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். செம்பியை வைத்துக்கொண்டு நான் தூக்கம் கெட்டு யோசிப்பது இதைத்தான்.

துப்பாக்கிக்காரர்கள் இந்த நாயிடம் கேட்பது மூன்று விஷயம். துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள்ளேயே தேட வேண்டும். குண்டு நாற்பது கெஜத்துக்கு மேல் சரியாக எட்டாது, அதனால் நாய் இருபது, இருபத்தைந்து கெஜத்தைத் தாண்டக் கூடாது. பறவை எழும்பியதும் உட்கார்ந்துவிட வேண்டும், துரத்திக்கொண்டு ஓடினால் குண்டு நாய் மேல் பாயும். விழுந்ததைப் பல் படாமல் தூக்கிவர வேண்டும். இதில் கொல்கிற வேலை எதுவும் நாயுடையது அல்ல, பார்த்தாயா? துப்பாக்கியைக் கழித்துவிட்டாலும் வித்தை முழுசாக மிஞ்சுகிறது. அந்த வித்தைதான் எனக்கு வேண்டும்.

வந்த புதிதில் பாடமெல்லாம் வீட்டுத் தார்சாவில்தான். கதவுகளைச் சாத்திவிட்டுப் பழைய காலுறையைச் சுருட்டி உருட்டிவிடுவேன். எடுத்துக்கொண்டு ஓட வேறு வழி கிடையாது, என்னிடம்தான் வர வேண்டும். வந்ததும் வாயிலிருந்து பிடுங்கக் கூடாது. குத்தவைத்து உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிக் கொடுத்து, அவளாக விடுகிறவரை பொறுக்க வேண்டும். பிடுங்கினால் பல்லை இறுக்கப் பழகும், இறுக்கிப் பழகிய வாய் பறவையை நொறுக்கிக்கொண்டு வரும். இரண்டு மூன்று தரம் போதும். இன்னும் வேண்டும் என்று அவள் கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். நாலு மாதம் தாண்டிப் பால்பல் விழ ஆரம்பித்ததும் அதையும் விட்டுவிட்டேன். ஈறு நோகும்போது வாயில் எதையாவது கொடுத்தால் தூக்கிவருவது என்றாலே வலி என்று மனசில் பதிந்துபோகும். பல் முளைத்த பிறகு காலுறைக்குள் துணியை அடைத்து, மேலே சேவல் இறகைக் கட்டினேன். அன்று அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

விசிலில் மூன்று கட்டளை. நீளமாக ஒன்று ஊதினால் இருக்கிற இடத்தில் உட்கார வேண்டும். குட்டையாக இரண்டு என்றால் திரும்ப வேண்டும். விட்டுவிட்டுப் பல தடவை ஊதினால் என்னிடம் ஓடிவர வேண்டும். சோற்றுத்தட்டை வைக்கும்போதெல்லாம் கடைசிச் சத்தத்தை ஊதி ஊதி, இப்போது கன்னடியன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றாலும் பறந்து வருகிறாள். உட்காருவதற்குத்தான் நிறையப் பொறுமை வேண்டியிருந்தது. அவள் உட்கார்ந்த பிறகு டென்னிஸ் பந்தை அவள் மூக்குக்கு முன்னால் உருட்டிவிட்டு, நானே நடந்து போய் எடுத்து வருவேன். ஓடுகிறதெல்லாம் உனக்கில்லை என்று அவளுக்குப் புரிய வேண்டுமே.

வயலில் இறக்கும்போது காற்றுக்கு எதிராக நடப்பேன். வாசனை அவளைத் தேடி வரும். விடியற்காலம், அறுத்த நெல்லின் அடித்தாளில் பனி ஈரம் இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் வாயைத் திறந்து இளைக்க ஆரம்பிப்பாள், இளைக்கிற நாய்க்கு மூக்கு சரியாக வேலை செய்யாது. ஆனியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் வாசனை நிற்காது, அதற்குள் இதெல்லாம் கைவந்துவிட வேண்டும் என்று ஒரு அவசரமும் எனக்கு இருந்தது.

சட்டத்தையும் பார்த்துத்தான் செய்கிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொஞ்சநஞ்சம் உரிமம் வாங்கிச் சுட வழி இருந்தது, 1991 திருத்தத்தோடு அதுவும் அடைபட்டது. கொல்வது மட்டும்தான் குற்றம் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, அதற்கெல்லாம் முயற்சி செய்வது, எல்லாமே வேட்டைதான். அதனால் காட்டுப் பறவை மேல் அவளை ஏவுவதே இல்லை. மச்சுமேல் நம் புறாக்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றைக் கூடையில் வைத்து, தாளுக்குள் மறைத்து, மூடியில் கயிறு கட்டிவிடுவேன். செம்பி வாசனை பிடித்து நெருங்கும்போது கயிற்றை இழுத்தால் புறா கிளம்பி நேராக வீட்டுக்குப் போய்விடும். இவள் உட்கார வேண்டும். நாங்கள் வீடு திரும்பும்போது புறா கூட்டில் கம்பு தின்றுகொண்டிருக்கும். பறவைக்கும் சேதமில்லை. போன வாரம் எழும்பிய கௌதாரி நான் தேடிப் போனதல்ல, வரப்பில் நடக்கும்போது தற்செயலாக எழும்பியது. அதிலும் அவள் உட்கார்ந்தாள் என்பதுதான் என் சந்தோஷம். கூந்தன்குளத்துக்குப் போனால் அவளை வீட்டில்தான் விட்டுவிட்டுப் போவேன். தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காமல் பறவைகளைப் பார்த்துக்கொள்கிற ஊருக்குள் நாயைக் கூட்டிக்கொண்டு போவது மரியாதை இல்லை.

சரி, இனிமேல்தான் விஷயம்.

அன்று காலை வரப்பில் வேறொருத்தனும் நின்று அதைப் பார்த்தான். உன் சித்தி மகன். சாயங்காலமே வீட்டுக்கு வந்தான். அக்கா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு, "அண்ணாச்சி, நாயை ஒரு வாரம் இரவல் தாங்க" என்றான். எதற்கு என்று கேட்டேன். "போன்ல காடைச் சத்தத்தைப் போட்டு வலை விரிக்கோம். பாதிதான் வருது. மீதி தாளுக்குள்ளயே படுத்துக்கிடுது. இவ மூக்கு இருந்தா எல்லாத்தையும் கிளப்பிரலாம்." பணமும் சொன்னான். நான் நெல் விற்றுப் பார்த்த காசுக்குப் பக்கத்தில் வரும்.

முடியாது என்றேன். சிரித்தான். "நாய்தானே அண்ணாச்சி."

அவன் கேட்டதில் ஒன்று மட்டும் என்னை விடாமல் அரிக்கிறது. துப்பாக்கி வருவதற்கு முன்னால் சீமையில் ஸ்பேனியல்களை வளர்த்ததே பாதி வலைக்காகத்தான். நாய் பறவையைக் கண்டதும் படுத்துவிடும், நாயையும் சேர்த்து மூடுகிற மாதிரி வலையை இழுப்பார்கள். நான் இவளுக்கு உட்காரக் கற்றுக்கொடுத்ததும், அவன் கேட்கிற வேலைக்குத் தேவையானதும் ஏறக்குறைய ஒன்றுதான். இருட்டில், நாலு பேரோடு, இவள் உட்கார்ந்த இடத்திலெல்லாம் வலை விழுந்தால் பொத்தையைச் சுற்றி ஒரு காடை மிஞ்சாது மாப்பிள்ளை. நான் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்து அது நடக்கக் கூடாது.

அதற்குப் பிறகு அவன் நம் கொல்லைச் சுவர் ஓரம் நிற்பதை அக்கா பார்த்திருக்கிறாள். பிஸ்கட் போடுகிறானாம். உங்கள் தாத்தாவின் நாய் வேற்றாள் கையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காது. செம்பி அப்படி இல்லை, யார் கூப்பிட்டாலும் முழு உடம்பையும் ஆட்டிக்கொண்டு போவாள். அவள் சுபாவமே அதுதான், அதை மாற்ற எனக்கு மனசும் இல்லை. ராத்திரி அவளை உள்ளே கட்டிலடியில் போட்டுக்கொண்டு படுக்கிறேன். கொல்லைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாச்சு. எப்போது எந்தச் சத்தம் கேட்டாலும் விழிப்பு வந்துவிடுகிறது.

புகார் கொடுக்கலாம்தான். கொடுத்தால் அவன் வாழ்க்கை போகும். சித்தப்பா நம் இரண்டு பேருக்கும் ஆற்றில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். பையன் வேலை போனதிலிருந்து இப்படி அலைகிறான், அது உனக்குத் தெரியும். அவனிடம் ஒரு திறமை இருப்பதையும் நான் பார்க்கிறேன். எந்த வரப்பில் எந்தக் காலத்தில் எந்தப் பறவை இறங்கும் என்று அவனுக்குத் தெரிந்த அளவுக்கு நம் பக்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. தை மாதம் குளம் குளமாக நீர்ப்பறவை எண்ணுகிறார்களே, அவர்களுக்கு இப்படி ஒரு கண் கிடைத்தால் விடமாட்டார்கள். நானும் புறாவைப் பார்த்துக்கொள்ள, காலையில் கூடை வைக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தயார். ஆனால் நான் சொன்னால் நாயைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வான். நீ சொன்னால் கேட்பான். சின்ன வயசிலிருந்தே உன் பேச்சுக்கு மட்டும்தான் தலையாட்டுகிறவன்.

அதனால் சித்திரையில் கோயில் கொடைக்கு ஒரு வாரம் முந்தியே வந்துவிடு. லீவு இல்லை, பேத்திக்குப் பள்ளிக்கூடம் என்று எதையும் சொல்லாதே, போன வருஷம் சொன்னதே போதும். முதலில் அவன் வீட்டுக்குப் போ, அப்புறம் இங்கே வா. அவனோடு சண்டைக்குப் போகாதே. வலையை விடு என்பதோடு நிறுத்தாமல், இந்த வேலை இருக்கிறது என்றும் சொல். போனைப் போட்டு முன்கூட்டியே அவனிடம் எதுவும் பேசிவிடாதே, உஷாராகிவிடுவான்.

கொடை வேட்டுச் சத்தம் வேறு எனக்கு யோசனையாக இருக்கிறது. குட்டிப் பருவத்தில் ஒரு தடவை மிரண்டுவிட்டால் ஆயுசுக்கும் சத்தத்துக்கு ஒளிகிற நாயாகிவிடும். அவள் சாப்பிடும்போது அக்காவைத் தூரத்தில் நின்று தாம்பாளத்தைத் தட்டச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருகிறோம். இப்போது அடுக்களைக்குள் தட்டினாலும் தட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. ஆனாலும் கொடையன்று ராத்திரி அவளைக் கல்லிடைக்குறிச்சியில் மதினி வீட்டில் விடலாம் என்றிருக்கிறேன். மற்றபடி நாயுருவியும் நெருஞ்சியும் எடுப்பதுதான் தினசரி வேலை. காதுக்குள் ஈரம் நிற்காமல் துடைப்பது, விரலிடுக்கில் உண்ணி பார்ப்பது எல்லாம் உன் அக்கா பொறுப்பு. ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில் ஊசிகளெல்லாம் முடிந்தாச்சு. உண்ணிக் காய்ச்சல் வந்தால் ஈறு வெளுத்துவிடும், சாப்பாடு இறங்காது, பார்த்துக்கொண்டே இருங்கள் என்று அங்கே சொன்னார்கள்.

வரும்போது மெட்ராஸில் ஏக்மி விசில் ஒன்று வாங்கி வா. 210.5 என்று எண் போட்டிருக்கும், ஸ்பேனியல்காரர்கள் ஊதுவது அதுதான். அந்த எண்ணில் எதை வாங்கினாலும் சத்தம் ஒன்றாகவே இருக்கும், அதனால் வேறு எண்ணை வாங்கிவிடாதே. உன் சித்தி மகன் சம்மதித்தால் அவன் கழுத்தில் போடத்தான்.

எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை