நூல் அறுந்தால் தறி நிற்க வேண்டும்: மாற்றாத ஆயில் சீலுக்குப் பணம் வாங்கியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
விசைத்தறி உரிமையாளர்,
நகரி, ஆந்திரப் பிரதேசம்.

பெறுநர்:
தலைமைப் பொறுப்பாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கார் சர்வீஸ் நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: டொயோட்டா குவாலிஸ், 2003 மாடல். டைமிங் பெல்ட் வேலையில் சேவைக் குறைபாடு, பொய்யான பில், இழப்பீடு கோருதல்.

ஐயா,

2023 நவம்பர் 18ஆம் தேதி எங்கள் குவாலிஸ் வண்டியை டைமிங் பெல்ட் மாற்றுவதற்காகத் திருத்தணிப் பக்கம் உள்ள உங்கள் கிளையில் விட்டேன். அன்று மீட்டரில் 2,91,300 கிலோமீட்டர். காலையில் விட்ட வண்டி மாலை ஆறரைக்குத் திரும்பக் கிடைத்தது. பில் 14,230 ரூபாய். பெல்ட், ஐட்லர் பேரிங், கேம் ஷாஃப்ட் ஆயில் சீல், கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டதாக அதில் வரி வரியாக அச்சாகி இருக்கிறது. சீல் இரண்டுக்கு மட்டும் 1,120 ரூபாய்.

எண்ணெய் வெளியே கசியாமல் பிடிக்கிற அந்த இரண்டு சீலையும் உங்கள் ஆட்கள் தொடவே இல்லை. 7,460 கிலோமீட்டர் ஓடியதும், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற பெல்ட் பல் உதிர்ந்து வண்டி நடுவழியில் நின்றது. எட்டு வால்வில் ஆறு வளைந்துபோயின.

நின்ற இடத்தையும் நேரத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கால் சென்டரில் நான் இதைச் சொல்ல ஆரம்பித்தபோதெல்லாம் "சுருக்கமாகச் சொல்லுங்கள் சார்" என்றார்கள். 2024 ஜூன் 10, இரவு ஏழரை மணி. வேலூரில் அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு அழைத்து வந்துகொண்டிருந்தேன். சோளிங்கர் தாண்டி ஆர்.கே.பேட்டைக்கு முன்னால், ஆள் நடமாட்டம் இல்லாத இடம். அறுபதில் போய்க்கொண்டிருந்த எஞ்சின் ஒரு நொடியில் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. பிரேக்கை மிதித்தேன்; முதல் மிதிக்கு இறங்கியது, இரண்டாவது மிதிக்குக் கல்லாக இறுகிவிட்டது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வாக்குவமும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை இழுத்து இழுத்து ஓரத்துப் புளியமரத்தடியில் கொண்டு நிறுத்தினேன். பின்னால் ஜல்லி ஏற்றி வந்த டிப்பர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு கையளவு இடைவெளியில் கடந்து போனது. "ஏம்பா, ஊர் வந்துடுச்சா?" என்று அம்மா கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் நகரியில் எஞ்சினைப் பிரித்தோம். பெல்ட் கவருக்குள்ளே முழுக்க எண்ணெய். பெல்ட் ஊறி, உப்பி, கை வைத்தால் பிசுபிசுத்தது. பெல்ட் நல்ல கம்பெனிப் பொருள்தான், பேரிங்கும் புதிதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேலே கசிகிற சீலை விட்டுவிட்டுக் கீழே எவ்வளவு நல்ல பெல்ட்டைப் போட்டாலும் ரப்பர் எண்ணெயில் ஊறினால் பல் நிற்காது. சீல் இரண்டும் புளியங்கொட்டை மாதிரி இறுகிக் கிடந்தன. 1,94,000 கிலோமீட்டரில் இதே வேலையைச் செய்த பழைய மெக்கானிக் பாய், சீலின் இரும்பு விளிம்பில் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார். அடுத்த முறை யார் திறந்தாலும் எது பழசு என்று தெரியட்டும் என்பது அவர் வழக்கம். அந்த மஞ்சள் புள்ளி இரண்டு சீலிலும் அப்படியே இருந்தது. போட்டோ இணைத்திருக்கிறேன்.

பாய் வயதாகிக் கடையை மூடியதால்தான் உங்களிடம் வந்தேன். கம்ப்யூட்டர் பில், ஜாப் கார்டு, ஒரிஜினல் பாகம் என்று போர்டு வைத்திருந்தீர்கள். காகிதம் இருந்தால் கேட்க வழி இருக்கும் என்று நம்பினேன்.

அதன்பிறகு நடந்தது எல்லை ஊர்க்காரர்களுக்கு மட்டும் நடக்கும் சங்கதி. என் முகவரி ஆந்திரா, வண்டி ஏபி 03 பதிவு. அதனால் என் புகார் தானாகவே ஆந்திரப் பிரிவுக்குப் போகிறது. அங்கே தெலுங்கில் மரியாதையாகப் பேசி, வேலை நடந்தது தமிழ்நாட்டுக் கிளையில், அங்கே கேளுங்கள் என்கிறார்கள். கிளையில் கேட்டால் உங்கள் புகார் ஆந்திராவில் பதிவாகி இருக்கிறது, எங்கள் திரையில் வரவில்லை என்கிறார்கள். இரண்டு முறை புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடியும் விட்டார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. அன்றிலிருந்து ரேஷன், பள்ளிச் சான்று, நிலப் பத்திரம் என்று எத்தனையோ காரியத்துக்கு இந்த எல்லைக் கோட்டை நாங்கள் குறுக்கும் நெடுக்கும் தாண்டி நடந்துவிட்டோம். திருத்தணிக்கு அரை மணி நேர வழி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து நடந்தே போகிறவர்கள் நாங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மேசைகளுக்கு நடுவே அந்தக் கோடு ஏன் வர வேண்டும்?

கடைசியாக உங்கள் கிளை மேலாளர் சொன்னதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. "இருபது வருஷ வண்டி சார், இதுக்குப் போய் இவ்வளவு பேசறீங்க. வித்துட்டு வேற பாருங்க" என்றார்.

இந்த வண்டியை எங்கள் நைனா 2003இல் வாங்கினார். அந்தச் சமயம் ஊரில் பலர் குவாலிஸைப் பார்த்துச் சிரித்தார்கள். பெட்டி மாதிரி இருக்கிறது, இந்தோனேசியாவில் ஓடிய பழைய மாடலைக் கொண்டுவந்து நம் தலையில் கட்டுகிறார்கள் என்றார்கள். பழைய மாடல் என்பது உண்மைதான். அங்கே அதன் பெயர் கிஜாங், ஒரு வகை மான். 1977இலிருந்து அந்தப் பெயரில் வண்டி வந்துகொண்டிருந்தது. இங்கே 2000 ஜனவரியில் குவாலிஸாக வந்தது, 2005இல் நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். நைனா வாங்கியதற்குக் காரணம் வேறு. கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்துவிட்டு வந்த எங்கள் தறி மேஸ்திரி, அங்கே டொயோடா என்ற பெயர் போட்ட இயந்திரங்களைப் பார்த்திருக்கிறார். "முதலாளி, இது தறிக்காரன் பெத்த காரு" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில் நைனா முடிவு செய்துவிட்டார்.

மேஸ்திரி சொன்னது சரி என்று நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். டொயோட்டா கம்பெனிக்கு வேரான சகிச்சி டொயோடா தச்சர் மகன். 1867இல் பிறந்தவர். தாயார் தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். கைத்தறியை இலகுவாக்கி 1891இல் காப்புரிமை வாங்கினார். 1896இல் அவர் செய்த விசைத்தறியில் ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், அறுந்தால் தறி தானே நின்றுவிடும். 1924இல் வந்த ஜி வகைத் தறி ஓடிக்கொண்டே, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை மாற்றிக்கொள்ளும். நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்தாலும் நின்றுவிடும். அதன் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கியது. சகிச்சியின் மகன் கிச்சிரோ 1933இல் தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவைத் தொடங்கினார். 1937இல் டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனி ஆனது. இந்தியாவுக்கும் அவர்கள் நூல் வழியாகத்தான் வந்தார்கள்: பெங்களூரில் முதலில் கிர்லோஸ்கரோடு சேர்ந்து நூற்பு இயந்திரம், பிறகு 1997இல் கார் கம்பெனி, பிடதியில் தொழிற்சாலை.

தறி தானே நிற்பதில் என்ன பெரிய விஷயம் என்று தறி ஓட்டாதவர்கள் நினைக்கலாம். என் கூடத்தில் பன்னிரண்டு தறி. ஊடை அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் லுங்கியில் கோடு விழும். ஒரு விரற்கடை கோடு போதும், அந்தப் பீஸ் செகண்ட்ஸ். வியாபாரி பாதி விலைக்குக் கேட்பான். அதனால்தான் ஊடை அறுந்ததும் ஃபோர்க் என்கிற கம்பி தட்டி, தறியை ஓட்டும் பெல்ட்டை விலக்கி நிறுத்துகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். தறி நின்றால் நெய்கிறவருக்குக் கோபம் வராது. எங்கே அறுந்தது என்று பார்ப்பார், முடி போடுவார், ஓட்டுவார். சகிச்சியின் பஞ்சாலையில் 1932இல் சேர்ந்த தாயிச்சி ஓனோ என்பவர் 1943இல் கார் கம்பெனிக்கு மாறி, இதே பழக்கத்தைக் கார் கட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோனார். டொயோட்டா தொழிற்சாலையில் லைனில் நிற்கிற எந்தத் தொழிலாளியும் ஒரு குறை கண்டால் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் வர வேண்டும். அங்கேயே தீராவிட்டால் லைன் நிற்கும். ஜிடோகா என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், என் வண்டியிலும் ஒருவன் நூல் அறுந்ததைப் பார்த்தான். உங்கள் கிளையில் அன்று பெல்ட் கழற்றிய பையன் பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. இப்போது உங்களிடம் வேலையில் இல்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன். நடந்தது கேள்விப்பட்டு, அவனாகவே என் தறிக்கூடத்துக்கு வந்தான். "அண்ணா, சீல் கசியுதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன். ஸ்டாக் இல்ல, வர ரெண்டு நாள் ஆவும், சாயங்காலம் டெலிவரி சொல்லியாச்சு, துடைச்சு மூடுன்னாங்க. மூடிட்டேன். பாட்டிக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அழுதான். அவன் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவன் பார்த்தான், சொன்னான். இழுப்பதற்கு அவனுக்குக் கயிறு இல்லை. இரண்டு நாள் ஆகும் என்று எனக்கு ஒரு போன் செய்திருந்தால் நான் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருப்பேன்.

டொயோட்டாவிலும் தவறு நடக்கவில்லையா என்று கேட்டால், நடந்திருக்கிறது. 1935இல் அவர்கள் விற்ற முதல் லாரிகள் வழிநெடுக நின்றன. கம்பெனி ஆட்களே போய்ச் சரிசெய்தார்கள். 2009, 2010இல் தரை விரிப்பும் ஆக்சிலரேட்டர் பெடலும் சிக்கிக்கொள்ளும் பிரச்சினையில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனித் தலைவர் அகியோ டொயோடா, கிச்சிரோவின் பேரன், 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். ஆட்களைப் பழக்கிய வேகத்தைவிட வளர்ந்த வேகம் கூடிப்போனது என்று ஒப்புக்கொண்டார். எங்கள் குவாலிஸிலும் குறை உண்டு. சித்திரை வெயிலில் பின்சீட்டுக்கு ஏசி எட்டாது. எண்பதைத் தாண்டினால் வளைவில் ஆடும். டீசல் சத்தத்தில் பேச்சு கேட்காது. ஆனால் அந்த ஜூன் இரவுக்கு முன் 20 வருடத்தில் ஒரு நாள்கூட வழியில் விட்டதில்லை. நடு இரவில் கை கால் முறிந்தவர்களைப் புத்தூர் கட்டுக்கு ஏற்றிப்போக எங்கள் தெருவில் எல்லோரும் முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தான். ஒரு குழந்தை புத்தூருக்குப் போகும் வழியில் வண்டிக்குள்ளேயே தூங்கிவிட்டது, வலி மறந்து. நைனா 2016இல் போய்ச் சேர்ந்தார். எஞ்சின் ஆயில், பெல்ட், பிரேக் என்று அவர் கிலோமீட்டர் போட்டு எழுதிய டைரி இன்னும் டேஷ்போர்டில் இருக்கிறது. 96,000, 1,94,000 என்று பெல்ட் மாற்றிய இரண்டு வரி அவர் கையெழுத்தில் இருக்கிறது. மூன்றாவது வரியை நான் எழுதினேன். அது பொய்யான வரி ஆகிவிட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் பில் 14,230 ரூபாய், வால்வு வளைந்த எஞ்சின் ஹெட் வேலைக்கு ஆன 46,700 ரூபாய், வண்டியை இழுத்துவந்த 4,500 ரூபாய், ஆக மொத்தம் 65,430 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். வண்டி இல்லாமல் 19 நாள் வாடகை வண்டியில் சரக்கு போட்டதற்கு நான் கணக்குக் கேட்கவில்லை. மாற்றாத சீலுக்குப் பில் போட்டது எப்படி என்று எழுத்தில் பதில் வேண்டும். அதே மாதம் அதே கிளையில் பெல்ட் மாற்றிய மற்ற வண்டிகளின் உரிமையாளர்களைக் கூப்பிட்டு சீலைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எனக்குப் பணம் தருவதைவிட இது அவசரம், ஏனென்றால் அவர்களுடைய பெல்ட்டும் இப்போது ஊறிக்கொண்டிருக்கலாம். கசிவு கண்ட பையன் வேலையை நிறுத்தச் சொன்னால் நிறுத்தும்படி உங்கள் கிளைகளில் ஒரு வழி செய்யுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். எந்த மாநிலக் கிளை என்ற கேள்வி அங்கே எழாது. 1915 உதவி எண்ணில் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன்.

பெல்ட்டும், மஞ்சள் புள்ளி வைத்த சீல் இரண்டும், வளைந்த ஆறு வால்வும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை தவிர எல்லா நாளும் காலை எட்டு மணி முதல் தறிக்கூடத்தில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நகரி.

இணைப்பு: பில் நகல், ஜாப் கார்டு நகல், சீல் மற்றும் பெல்ட்டின் போட்டோக்கள், ஹெட் வேலை ரசீது, வண்டி இழுத்த ரசீது, நைனாவின் டைரியில் மூன்று பக்கங்களின் நகல்.