கல்லணையை விட்டுவிடு, வசந்தி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதில் போடாமல் இருந்ததற்கு நீ திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நம்மோடு படித்த அந்த ஊறுகாய் பாட்டில்காரி பாட்டியாகிவிட்டாளாம், கேள்விப்பட்டாயா? போன் போட்டு வாழ்த்து சொல். பாட்டிலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரைத் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அழைத்துப்போக அனுமதி வாங்கிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். உடனே நீ கூட வைத்திருந்த அட்டவணையைப் பார்த்தேன். காலையில் பெரிய கோயில், பிறகு கலைக்கூடம் 40 நிமிஷம், சரஸ்வதி மகால், மணிக்கூண்டு, சிவகங்கைப் பூங்காவில் சாப்பாடு, மாலையில் கல்லணை. ஏண்டி, கல்லணையைக்கூட விடவில்லையா? கரிகாலனே ஒரே நாளில் இவ்வளவு சுற்றியிருக்க மாட்டான்.

கோபித்துக்கொள்ளாதே. எல்லாப் பள்ளியும் இப்படித்தான் போகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 40 நிமிஷத்தில் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போவார்கள், பெயர்ப்பலகையை நோட்டில் எழுதுவார்கள், வரிசையாக வெளியே வருவார்கள். 'இடம், நூற்றாண்டு, உலோகம்' என்று கட்டம் போட்ட தாளைக் கையில் கொடுத்தால் இன்னும் மோசம். பிள்ளை பலகையைப் படிக்கும், கட்டத்தை நிரப்பும், அடுத்ததற்கு ஓடும். சிலையின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்த்திருக்காது. அந்தத் தாளைத் தயார் செய்துவிட்டாய் என்றால் கிழித்துப் போடு.

கலைக்கூடத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கு. ஆசிரியர் நடத்திப் பார்க்க வேண்டியது இரண்டே சிற்பங்கள். மீதி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒன்றைத் தானே தேடிப்போய் நிற்கட்டும். என்னைக் கேட்டால் இந்த இரண்டும்:

முதலாவது, திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன். 1011-ல், ராஜராஜன் காலத்தில் எழுந்தருளச் செய்த செப்புத் திருமேனி. ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு, தலைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு ஒயிலாக நிற்கிறார். ஒரு கை காற்றில் மடிந்து நிற்கிறது, கீழே ஒன்றுமில்லை. அந்தக் கை சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. ஆனால் மணிக்கட்டு தளர்ந்து கிடப்பதையும் விரல்கள் தொங்குவதையும் பார்த்தாலே அங்கே என்ன உயரத்தில் ஒரு முதுகு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். பிள்ளைகளிடம் காளை என்ற பேச்சையே எடுக்காதே. "யாராவது இவர் மாதிரி நின்று காட்டுங்கள்" என்று மட்டும் சொல். நிற்கிற பிள்ளை கொஞ்ச நேரத்தில் தடுமாறும். காலைக் குறுக்கே போட்டால் உடம்பின் பாரம் ஒரே பாதத்துக்குப் போய்விடுகிறது, இடுப்பு ஒரு பக்கம் தள்ளுகிறது, கை எதையாவது பிடிக்கத் தேடுகிறது. பக்கத்துப் பிள்ளை தோளைக் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும். அந்தத் தோள்தான் காளை என்று அவர்களே சொல்வார்கள். சொன்ன பிறகு நீ கதையை ஆரம்பி.

இரண்டாவது கல்லில்: தாராசுரத்திலிருந்து வந்த யானை உரித்த பெருமான், யானையைக் கொன்று அதன் தோலை உரிக்கிற சிவன். இதில் சம்பவமே நடந்துகொண்டிருப்பதால் நீ பேசவே வேண்டியிருக்காது. உடம்பு முறுக்கிக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, யானையின் தலை எங்கே, தோல் எது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

கேள்வி கேட்கிற முறைக்கு ஒரு வழி இருக்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும், உளவியல் ஆய்வாளர் அபிகெயில் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கியது. மூன்றே கேள்விகள். நம்ம பேச்சில் சொன்னால்: "இங்க என்ன நடக்குது?" "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" "இன்னும் என்ன தெரியுது?" பிள்ளை சொல்வதை நீ கையால் சுட்டிக் காட்டி, வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லி, முன்னால் பேசியவன் சொன்னதோடு முடிச்சுப் போட வேண்டும். அவ்வளவுதான். 'சபாஷ்' சொல்லாதே. ஒருத்திக்கு சபாஷ் கிடைத்ததும் சரியான விடை வந்துவிட்டது என்று நினைத்து மற்றவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்து வரை எண்ணு. உனக்கு இதுதான் கஷ்டம், நீ மூன்று எண்ணுவதற்குள் பதிலைச் சொல்லிவிடுகிறவள். நம் டிராயிங் சார் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து மூடுகிற நேரம் என்று வைத்துக்கொள்.

இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஊரில் ஒரு இடத்தில் சிக்கும். "என்ன நடக்குது?" என்றால் பிள்ளை "சாமி" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், பேச்சு முடிந்தது. கும்பிடுகிற பிள்ளையைத் தடுக்காதே. ஆனால் அடுத்த கேள்வியை உடம்பிலிருந்து ஆரம்பி: பாரம் எந்தக் காலில் இருக்கிறது? எந்த விரல் மடங்கியிருக்கிறது? இவர் இப்போதுதான் வந்து நின்றாரா, ரொம்ப நேரமாக நிற்கிறாரா?

வசந்தி, இதை நான் ரொம்ப யோசித்துத்தான் சொல்கிறேன். உன் வகுப்பில் பாத்திமாவும் ஸ்டெல்லாவும் இருப்பார்கள். சொந்த ஊர்க் கோயிலில் தன் தாத்தாவை உள்ளே விடவில்லை என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளையும் இருக்கும். "இது என்ன சாமி, என்ன கதை?" என்று ஆரம்பித்தால், புராணம் தெரிந்த நாலு பிள்ளைகள் முன்னால் வந்துவிடும், மற்றவர்கள் பின்னால் போய்விடுவார்கள். "பாரம் எந்தக் காலில்?" என்ற கேள்விக்குக் கண் இருந்தால் போதும். அங்கே எல்லோருக்கும் சமமான இடம். கலைக்கூடத்தால் செய்ய முடிந்த பெரிய காரியம் இது என்று நினைக்கிறேன். கோயில் வழக்கமாகப் போகிற பிள்ளைக்கும் இது புதுசுதான். வீதியுலாவில் பட்டும் மாலையும் போக முகமும் கைகளும்தான் தெரியும். இடுப்பின் வளைவை, முதுகின் இறக்கத்தை அது பார்த்ததே இல்லை. பீடத்தில் ஓட்டையும் வளையமும் எதற்கு என்று கேட்டுப் பார். உற்சவத்துக்குக் கட்டித் தூக்க என்று தோள் கொடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்று சட்டென்று சொல்லும்.

போவதற்கு முன் நீ மட்டும் ஒரு நாள் போய்விட்டு வா. தலைமையாசிரியர் கடிதத்தைக் கொடுத்து, குழுவாகத் தரையில் உட்கார்ந்து வரைய அனுமதி கேள். பத்துப் பேர் உட்காரும் இடம் எது, கண்ணாடியில் எந்த நேரத்தில் வெளிச்சம் அடிக்கிறது, குழாய் எங்கே, கழிப்பறை எங்கே என்று பார்த்துவை. நீயும் தரையில் உட்கார்ந்து பார். நின்றால் தெரிகிற முகம், உட்கார்ந்தால் மேலே போய்விடும், பீடம்தான் கண்ணுக்கு நேராக இருக்கும். அப்படியானால் பேசும்போது நிற்க வை, வரையும்போது உட்கார வை.

40 பேரையும் ஒரே கூடத்துக்குள் விடாதே. எதிரொலியில் ஒரு வார்த்தை கேட்காது. பத்துப் பேராக நாலு குழு. இரண்டு குழு செப்புத் திருமேனிகளிடம், இரண்டு குழு கல் சிற்பங்களிடம், 25 நிமிஷத்தில் மாற்றிக்கொள்ளட்டும். குழுவுக்கு ஒரு பெரியவர் என்றால் உன்னைத் தவிர மூன்று ஆசிரியர்கள் வேண்டும். அவர்களைப் பழக்காமல் கூட்டிப்போனால் "கைய வைக்காதே, பேசாதே" என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும், உன் குழு மட்டும்தான் தேறும். முன்வாரத்தில் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் அவர்களை உட்கார வைத்து, சுவரில் ஒரு படத்தை ஒட்டி, அந்த மூன்று கேள்விகளை அவர்களிடமே கேள். கேள்விக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் கேட்கத் தெரியும்.

புத்தகப்பை எல்லாம் பேருந்திலேயே இருக்கட்டும். சிலையை இடிப்பது கை இல்லை, திரும்புகிற பை. பேனா கூடாது, பென்சில் மட்டும், ஆளுக்கு இரண்டு 2பி, முன்னமே சீவியது. ரப்பர் கொடுக்காதே. ரப்பர் இருந்தால் அழிப்பதிலேயே நேரம் போகும். பாதி ஏ4 தாள், அட்டையில் கிளிப் போட்டது. இன்னொரு அட்டைத் துண்டில் 4-க்கு 3 சென்டிமீட்டர் சன்னல் வெட்டிக் கொடு. அதை ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்து, சன்னலுக்குள் தெரிகிற பாகத்தை மட்டும் எட்டு நிமிஷம் வரையட்டும். முழு உருவத்தை வரையச் சொன்னால் தலையைப் பெரிசாகப் போட்டுவிட்டு, காலுக்கு இடமில்லாமல், 'எனக்கு வரையவே வராது' என்று உட்கார்ந்துவிடுவார்கள். அந்தத் தொங்கும் கையை மட்டும் என்றால் எல்லோருக்கும் வரும்.

திரும்பி வந்தபின் களிமண்ணில் ஒரு சாண் உயரத்துக்குள் கால் குறுக்கிட்டு நிற்கிற ஆளைச் செய்யச் சொல். உள்ளே கம்பியோ ஈர்க்குச்சியோ வைக்காவிட்டால் கணுக்கால் குழைந்து சாயும். சாயட்டும். ஸ்தபதி அந்தப் பாரத்தை எப்படி நிறுத்தினார் என்று அப்போதுதான் கேள்வி வரும். நிழலில் காயவை, வெயிலில் வைத்தால் வெடிக்கும். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, காயவைத்துக் கம்பி கட்டி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவதை அப்போது சொல்லிக்கொடு. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. இப்படிச் சிலை வார்க்கிற சுவாமிமலை உனக்குப் பக்கம்தானே, மெழுகு உருவம் ஒன்றைக் காட்ட எந்தப் பட்டறையிலும் மறுக்க மாட்டார்கள்.

தலைமையாசிரியர் "இரண்டு சிலைக்காகவா பேருந்து?" என்பார். அவருக்கு இரண்டு பதில் வைத்துக்கொள். லண்டன் தேசிய ஓவியக் காட்சியகம் 1995-லிருந்து தொடக்கப் பள்ளிகளுக்காக ஒரு திட்டம் நடத்துகிறது. எடுத்துக்கொள்வது ஒரே ஒரு ஓவியம், அதிலிருந்து கணக்கு, அறிவியல், மொழி எல்லாப் பாடமும் விரியும். இன்னொன்று, அமெரிக்காவில் ஆர்கன்ஸா மாநிலத்தில் 2011-ல் திறந்த கிறிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தில் நடந்த ஆய்வு. வர விரும்பிய பள்ளிகள் அதிகமாக இருந்ததால் குலுக்கல் போட்டார்கள். முதலில் வந்தவர்களையும் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 123 பள்ளிகள், 10,912 மாணவர்கள். வாரங்கள் கழித்துக் கேட்டபோது, அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரைக்கு மாற்றாக மேப்பிள் பாகு காய்ச்சுகிறவர்களின் ஓவியத்தைப் பார்த்த பிள்ளைகளில் 88 சதவீதம் பேர் அதன் பொருளை நினைவில் வைத்திருந்தார்கள். புதிதாக ஒரு ஓவியத்தைக் காட்டியபோது, அருங்காட்சியகம் போய்வந்தவர்கள் கூடுதலாகக் கவனித்து எழுதினார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் அதிகம். இதை அடிக்கோடிட்டுச் சொல், உன் பள்ளிக்காகவே செய்த ஆய்வு மாதிரி இருக்கும்.

ரிஷபவாகனரின் படம் ஏ3 அளவில் இரண்டு, அட்டைக் குழாயில் சுருட்டித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டுப் படத்தில்தான் இடுப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தெரியும், அதைப் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டு. ஒரு வாரம் இருக்கட்டும், கீழே பெயர் எழுதாதே. பிள்ளைகள் என்னென்ன கேட்கிறார்கள் என்று குறித்துவைத்து, போகிற தேதியோடு சேர்த்து எனக்கு எழுது. பெரிய கோயிலை வேண்டுமானால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கடிதம் போடுகிறேன்.

அன்புடன்,
மல்லிகா