பையருக்குக் காட்டும் கணக்கைத் தொழிலாளிக்கும் காட்டுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களின் தொழில் அமைப்பு நிர்வாகிகளுக்கும் நிறுவன உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களே, நிறுவனப் பொறுப்பை ஏற்று வரும் அடுத்த தலைமுறையினரே, வணக்கம்.

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் பணியாளர் நலன், தணிக்கை ஆகிய பிரிவுகளில் நீண்ட காலமாக வேலை செய்து வருபவள் என்ற முறையில் இந்த மடலை உங்கள் முன் வைக்கிறேன். அண்மைக் காலமாக நீங்கள் கூடும் கூட்டங்களில் இரண்டு பேச்சுகள் தவறாமல் எழுகின்றன. இளைஞர்கள் வேலையில் நிலைத்து நிற்பதில்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை என்பது ஒன்று. தண்ணீர்க் கணக்கு, மின்சாரக் கணக்கு, எவ்வளவு கரிமம் காற்றில் கலந்தது என்ற கரிமக் கணக்கு, நூலின் பூர்வீகம் என்று வெளிநாட்டு பையர்கள், அதாவது நம்மிடம் உடை வாங்கும் நிறுவனங்கள், கேட்டுக்கொண்டே போகிறார்கள் என்பது மற்றொன்று. முன்னதை ஹெச்.ஆர். பிரிவுக்கும் பின்னதை விதிகளைக் கடைப்பிடிப்பதைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கும் ஒதுக்கிவிட்டு இரண்டையும் தனித்தனிச் செலவாகப் பார்க்கிறோம். இரண்டும் ஒரே கோரிக்கை என்பது என் உறுதியான எண்ணம். இந்த உடை எப்படி உருவானது, அதற்காக எந்த ஆறும் எந்த உடம்பும் என்ன இழந்தன என்பதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றுதான் பையரும் கேட்கிறார், பத்தொன்பது வயது டைலரும் கேட்கிறார். பையருக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கோப்பு கோப்பாக அடுக்கி வைத்திருக்கிறோம். டைலருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நம்மால் மாற முடியும் என்பதற்கு நொய்யல் ஆற்றை விடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1992-இல் அதன் குறுக்கே பாசனத்திற்கென்று திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். கீழ்மடை விவசாயிகளின் கிணறுகளில் உப்பு ஏறியது, தென்னை காய்ந்தது, கால்நடைகள்கூட அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்தன. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2006-இல் உயர் நீதிமன்றமும் 2009-இல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதைச் சொல்லிக் கெடு விதித்தும் கழிவு நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட்டன. ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. சாயப்பட்டறைத் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றி வரவழைத்த நாட்கள் அவை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் தலை நிமிர்ந்து சொல்லத் தக்கது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறையை ஒரு தொழில் நகரமே ஏற்றுக்கொண்டு நடத்திக் காட்டியது. சாயக்கழிவை உயிரியல் முறையில் தெளிய வைத்து, ஆர்.ஓ. சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீரையும், சாயமேற்றுவதற்குத் திரும்பப் பயன்படும் உப்பையும் மீட்டெடுக்கிறோம். விறகுக்கும் மின்சாரத்திற்கும் ஆகும் செலவு கொஞ்சமல்ல. எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகள் கிடங்குகளில் மலையாகக் கிடப்பதும் இன்னும் தீராத சிக்கல். இருந்தும் உலகின் பல ஜவுளி மையங்கள் இன்று எட்ட நினைக்கும் நிலையில் நாம் இருக்கிறோம். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்தில் சுழலும் காற்றாலைகளில் பின்னலாடை முதலீடு கணிசமாக இருக்கிறது. கட்டிங் கழிவு உடுமலை, வெள்ளகோவில் பகுதியில் கழிவுப் பஞ்சை நூற்கும் ஓ.இ. மில்களில் மீண்டும் நூலாகிறது. மறுசுழற்சியைப் பற்றி நமக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை.

ஆனால் அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை நேர்மையாக நினைத்துப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட விவசாயி கேட்டபோது நாம் காது கொடுக்கவில்லை. நீதிமன்றம் பூட்டுப் போட்ட பிறகே கேட்டோம். பல்லாண்டு தாமதத்திற்கு ஆறும் விலை கொடுத்தது, தொழிலும் விலை கொடுத்தது. அதே தாமதத்தைத் தொழிலாளர் விஷயத்திலும் செய்துவிடக் கூடாது என்பதே இந்த மடலை எழுதத் தூண்டிய கவலை.

இப்போது வரும் சட்டங்கள் எல்லாம் வெளிப்படைத்தன்மையை நோக்கியே நகர்கின்றன. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தருவதை 2022-23 நிதியாண்டு முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது. இரும்பு, எஃகு, அலுமினியப் பொருள்களுக்கான ஐரோப்பியக் கரிம எல்லை வரி 2026 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்துவிட்டதால், கோவையின் வார்ப்பாலைகளும் பொறியியல் பட்டறைகளும் கரிமக் கணக்கிலிருந்து விலகி நிற்க முடியாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த ஐரோப்பியச் சட்டமொன்று, ஒவ்வொரு பொருளின் பிறப்புக் கதையையும் மின்னணு முறையில் பதிய வேண்டிய நிலைக்கு ஜவுளியையும் கொண்டுவரப் போகிறது. 2023-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் வழங்கல் சங்கிலிச் சட்டமோ, கடைசிக் கண்ணியில் வேலை செய்பவரும் புகார் சொல்ல வழி இருக்க வேண்டும் என்கிறது. இவற்றில் சில தள்ளிப்போகலாம், சில தளர்த்தப்படலாம். போகும் திசை மாறாது.

இந்தச் சட்டங்களை நாம் எதிர்கொள்ளும் விதத்தைத் தணிக்கை நாளில் பார்க்க வேண்டும். முந்தின நாளே முதலுதவிப் பெட்டிகள் நிரம்பிவிடும். செக்கிங் மேசைகளுக்கு நடுவே மஞ்சள் கோடுகள் புதுப் பெயிண்டில் பளிச்சிடும். உடைந்த ஊசிப் பதிவேட்டில் விடுபட்ட பக்கங்கள் ஒரே மையில் நிரப்பப்படும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் வருகிறதா என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் ஒவ்வொரு தையல் லைனாக வந்து சொல்லிக் கொடுப்பார். இப்படிப்பட்ட ஒரு நாளில், ஓவர்லாக் மெஷினில் இருந்த ஓர் இளம்பெண், அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பையரின் புகார் எண்ணைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "இந்த நம்பருக்கு அடிச்சா ஆருங்க்கா எடுப்பாங்க? எடுத்தா தமிழ்ல பேசுவாங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் குத்தலோ கோபமோ இல்லை. சுவரில் எழுதி வைத்தது உண்மையாக இருக்கும் என்று நம்பிக் கேட்டாள். அடுத்த மாதம் அவள் வேலைக்கு வரவில்லை. காரணம் கேட்டு யாரும் அவளுக்குப் போன் செய்யவும் இல்லை.

தொழிலாளி அறியாத சான்றிதழ் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2012 செப்டம்பரில் கராச்சியில் மூண்ட பெருந்தீயே போதும். சமூகப் பொறுப்புக்கான சர்வதேசச் சான்றிதழைப் பெற்ற சில வாரங்களிலேயே அந்த ஆயத்த ஆடை ஆலையில் தீப்பற்றி 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி அடிக்கப்பட்டிருந்தது, கதவுகள் பூட்டிக் கிடந்தன. உள்ளே வேலை செய்தவர்கள் அந்தக் கம்பிகளை நாள்தோறும் பார்த்தவர்கள். தணிக்கையில் அவர்கள் பேச்சுக்கு இடம் இருந்திருந்தால் அந்தச் சான்றிதழே கிடைத்திருக்காது.

இனி இந்தத் தலைமுறையைப் பற்றிச் சொல்கிறேன். 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்வி வயதில் இருப்போரில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் கோவை சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிக்கோ உணவு டெலிவரி வேலைக்கோ போய்விடுகிறார்கள் என்று வருந்துகிறோம். ஆனால் மெஷினில் உட்கார வருபவர்களும் படித்தவர்களே, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருபவர்கள் உட்பட. அவர்கள் கையில் போன் இருக்கிறது. சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் இருக்கிறதா, அந்தத் தொகை கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதை அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து டீ இடைவேளையிலேயே பார்த்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் கட்டாமல் விட்டதைக் கணக்குப் பிள்ளை சொல்லும் சமாதானத்தால் இனி மூட முடியாது. காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரைக்குப் போகும் ஒன்றரை ஷிப்டைத் தங்கள் பெற்றோர் பழகிக்கொண்டதைப் போல இவர்கள் பழகிக்கொள்ள விரும்பவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரையின் கீழ் அயர்ன் மேசை அருகே நிற்கும்போது, சூரிய மின்தகடு பொருத்திய நிறுவனம் ஏன் ஒரு காற்றுப்போக்கியைப் பொருத்தவில்லை என்று கேட்கிறார்கள். இதைச் சோம்பல் என்று சொல்லும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா, எழுந்த எதிர்ப்பால் மே தினத்தன்றே திரும்பப் பெறப்பட்டதை நினைத்தால், இளைஞர்களின் மனநிலை மட்டுமன்று, சமூகத்தின் மனநிலையே மாறிவிட்டது என்பது புரியும்.

உங்கள் சுமையை அறியாமல் இதை எழுதவில்லை. நூல் விலை ஏறும்போது பையர் விலையை ஏற்றுவதில்லை. சான்றிதழுக்கான கட்டணம், சுத்திகரிப்புச் செலவு, தணிக்கையாளரின் தங்கும் செலவு எல்லாம் உங்கள் தலையிலேயே விழுகின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அதே பையர்கள் அந்த வரியில் பாதியை உங்களிடம் தள்ளுபடியாகக் கேட்டதையும் பார்த்தேன். பூமியைக் காப்போம் என்று அறிக்கை வெளியிடும் பிராண்டுகள் ஒரு டி-சர்ட்டுக்குச் சில காசுகள் கூட்டித் தர மறுப்பது அநியாயம். அதைத் தனித்தனியாக முனகாமல் உங்கள் அமைப்புகள் ஒன்று சேர்ந்து உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லும்போது உங்கள் பக்கத்தில் உங்கள் தொழிலாளர்களும் நின்றால் அந்தக் குரலுக்கு எடை கூடும். கணக்கு தெரியாதவர் உங்களுக்காக நிற்க மாட்டார்.

எனவே என் வேண்டுகோள் இது. பையருக்கு அனுப்பும் தணிக்கை அறிக்கையின் சுருக்கத்தையும், அதில் கண்ட குறைகளை எந்தத் தேதிக்குள் சரிசெய்வதாக ஒப்புக்கொண்டீர்கள் என்பதையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, வருகை பதியும் டைம் ஆபீஸ் அருகே, எல்லோரும் நின்று படிக்கும் உயரத்தில் ஒட்டுங்கள். மாதந்தோறும் எவ்வளவு தண்ணீர் மீட்கப்பட்டது, எவ்வளவு கலப்பு உப்பு மிஞ்சியது என்பதும் அதே பலகையில் இருக்கட்டும். நொய்யல் கரையில் குடியிருப்பவர்களும் உங்கள் ஆலையில் வேலை செய்கிறார்கள். சம்பளச் சீட்டு, தொழிலாளி படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். இரண்டு வருகைப் பதிவேடு வைத்திருப்பவர்கள் ஒன்றை எரித்துவிட வேண்டும். எதை எரிப்பது என்பது அவர்களுக்கே தெரியும்.

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்யும் இடங்களில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்கிறது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு. அந்தக் குழுவில் சூப்பர்வைசரின் உறவினரை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவது நமக்குக் கைவந்த வழக்கமாகிவிட்டது. தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களை லைன் வாரியாக வாக்கெடுத்துத் தேர்ந்தெடுக்கட்டும்; அவர்களில் ஒரு பகுதியினர் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களாகவும், பெண்களாகவும், வெளிமாநிலத்தவராகவும் இருக்கட்டும். 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், பாலியல் தொல்லையைக் கவனிக்கும் கண்காணிப்பாளர்களாகத் தொழிலாளர்களே பயிற்றுவிக்கப்பட்டார்கள். நம் அண்டை மாவட்டத்தில் ஒரு நிறுவனமும் தொழிலாளர் சங்கமும் சர்வதேச பிராண்டும் சேர்ந்து செய்ய முடிந்ததை நாம் செய்ய முடியாது என்று சொல்வதற்கில்லை.

ஜாப் ஒர்க்குக்கு விடும், கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பவர் டேபிள் யூனிட்டுகளையும் இந்தக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். தணிக்கையாளரின் கண்ணில் படாத, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி தரும் பீஸ் ரேட் வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது. பெரிய நிறுவனம் தன் பலகையில் ஒட்டும் தாளின் ஒரு படியை அங்கேயும் ஒட்டச் சொல்லலாம். கூலி விவரத்தையும் சேர்த்துத்தான்.

தந்தையிடமிருந்து நிறுவனத்தை ஏற்று வரும் தம்பி, தங்கைகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, சொந்த பிராண்டு தொடங்குகிறீர்கள். மறுசுழற்சி நூலில் உடை தைத்து, அதன் கதையை அழகான படங்களோடு இணையத்தில் சொல்கிறீர்கள். அந்தக் கதையைத் தைத்தவருக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். இது உண்மை இல்லை என்று அவர் சொல்லும் வரியை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். உங்கள் வயதுதான் அவருக்கும். இருவரும் ஒரே செயலியில்தான் காலையில் கண் விழிக்கிறீர்கள்.

அடுத்து வரும் உங்கள் பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த அறிவிப்புப் பலகை பற்றிய தீர்மானத்தைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அமைப்பிலும் முன்வரும் சில நிறுவனங்கள் ஒரு காலாண்டு செய்து பார்க்கட்டும். தணிக்கை அறிக்கைகளைத் தொழிலாளிக்குப் புரியும் தமிழில் சுருக்கி எழுதும் வேலையை ஊதியம் எதுவும் வாங்காமல் நான் செய்து தருகிறேன். இந்தியிலும் ஒடியாவிலும் எழுதித் தர, அந்த மொழி பேசும் இளைஞர்கள் உங்கள் லைன்களிலேயே இருக்கிறார்கள், கேட்டால் செய்வார்கள்.

இப்படிக்கு,
திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனமொன்றின் தணிக்கைப் பிரிவில் பணியாற்றும் உங்கள் சகோதரி